பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டி, விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசி ஆண்டுகளில் தங்கியிருந்த ஊர். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 40. அதில் பத்தாண்டுக்கும் மேல் தொழுநோயோடு கழிந்தது. நோயை மறைக்காமல், எடுத்த வேலையையும் விடாமல் வாழ்ந்த அந்த ஆண்டுகள்தான் மன உறுதி பற்றிப் பேசும்போது முதலில் பார்க்க வேண்டியவை.

வத்தலகுண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்த சிவா, 1908-இல் தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யுடன் மேடை ஏறினார். கோரல் மில் வேலைநிறுத்தத்தை அடுத்து, மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள். அதில் ஒன்று, சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்கு! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் அவர் விடுதலையானார்.

சிறைக்குள் திடகாத்திரமாகப் போனவர் தொழுநோயாளியாக வெளியே வந்தார். இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிவிடும். அன்று அப்படி ஒரு மருந்து கிடையாது. தீண்டாமைக்கு நிகரான ஒதுக்கல்தான் இருந்தது. தொழுநோயாளி என்று சொல்லி அவருக்கு ரயில் பயணமும் மறுக்கப்பட்டது. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். புண்ணோடு மேடை ஏறுகிறவரைக் கூட்டம் எப்படிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதற்காக அவர் வீட்டில் முடங்கவில்லை. முன்பு ரயிலில் போன ஊருக்கு இப்போது போய்ச்சேர அதிக நாள் பிடித்தது, அவ்வளவுதான்.

விடுதலையான அடுத்த ஆண்டே ‘ஞானபாநு’ மாத இதழைத் தொடங்கினார். பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். ‘சச்சிதானந்த சிவம்’ என்ற வேதாந்த நூலைச் சிறையிலேயே எழுதியிருந்தார். வேதாந்தம் படித்தவர் என்பதால் சிவாவைச் சாந்தசொரூபி என்று நினைத்துவிடக் கூடாது. மேடையில் அவர் நெருப்பு. மன அமைதி என்றால் கோபமே வராத நிலை என்று பலரும் எண்ணுகிறார்கள். சிவா விஷயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. அவரிடம் இருந்தது, செய்கிற காரியம் சரிதான் என்ற தெளிவு. அந்தத் தெளிவு உள்ளவருக்கு உடம்பு படுத்தும் பாடு பெரிதாகப் படவில்லை. 1921-இல் காவி உடுத்தி, சுதந்திரானந்தர் என்று பெயர் பூண்டு, மீண்டும் சிறை சென்றார்.

பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கிப் பாரதபுரம் என்று பெயரிட்டு ஆசிரமம் அமைத்தார். சாதி மத பேதமின்றி எல்லோரும் வந்து வழிபடப் பாரத மாதாவுக்கு அங்கே ஒரு கோயில் எழுப்புவது அவர் திட்டம். 1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயிலுக்குப் பணம் திரட்டச் சிவா அலைந்த நாட்களில் நோய் முற்றிக்கொண்டிருந்தது. 1925 ஜூன் 16-இல் தாஸ் மறைந்தார். அடுத்த ஐந்து வாரத்தில் சிவாவும் போய்ச் சேர்ந்தார். கோயில் எழும்பவில்லை.

பிற்காலத்தில் பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு அரசு மணிமண்டபம் கட்டியது. அதே வளாகத்தில் பாரத மாதா நினைவாலயம் 2021-இல் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டி அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.