மென்சவ்வும் புரதத்தின் வடிவமும்



காபோலிக் அமிலத்தாற் புண்களைக் கழுவினால் அவை சீழ்கொள்ளா என்பதை 1867 ஆம் ஆண்டில் யோசேப்பு லிஸ்ரர் உலகுக்கு அறிவித்தார். பீனோல் எனவும் பெயர்பெறும் அப்பொருள் பற்றீரியாக்களை எவ்வாறு கொல்கின்றது? சில பற்றீரியாக்கள் அதற்கு எவ்வாறு தப்புகின்றன? இரண்டையும் அறியப் பற்றீரியக் கலத்தின் மென்சவ்வை நாம் நோக்கல் வேண்டும்.

மென்சவ்வென்பது கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காய் அமைந்த படலம். அதிலே புரதங்கள் பதிந்து நிற்கின்றன. உணவை உட்கொள்ளுவனவும் கழிவை வெளியேற்றுவனவும் அவையே. புரதத்தின் தொழில் அதன் வடிவத்தைப் பொறுத்தது. அவ்வடிவமோ சூழவுள்ள கொழுப்பையும் பொறுத்தது.

இதற்குச் சான்று ஒன்று கூறுவேன். எசரிக்கியா கோலை என்னும் குடற் பற்றீரியத்திலே, பாற்சருக்கரையை உள்ளே கொணரும் புரதமொன்று மென்சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கின்றது. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலே பொக்டனோவ், டௌஹன் முதலிய ஆய்வாளர், அம்மென்சவ்வில் ஏறத்தாழ முக்காற்பங்காயுள்ள கொழுப்புவகை ஒன்று உண்டாகாதபடி செய்தனர். அப்போது அப்புரதத்தின் முற்பாதி உள்வெளி மாறித் தலைகீழாய் அமைந்தது. சருக்கரையை உள்ளே சேர்த்துக் குவிக்கும் ஆற்றலையும் அது இழந்தது. கொழுப்பு மீண்டும் உண்டானதும் அப்பாதி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. 2002 இல் வெளியான முடிவு இது.

இனிப் பீனோலுக்கு வருவோம். அது கொழுப்பிற் கரைந்து மென்சவ்வைத் தளர்த்துகின்றது. புரதங்கள் நிலைகுலைகின்றன, உள்ளிருக்கும் பொற்றாசியம் கசிகின்றது, கலம் மடிகின்றது. ஆனால், பீனோலையே உணவாகக்கொள்ளும் சூடோமோனாசு புற்றிடா என்னும் மண்வாழ் பற்றீரியத்தின் வகையொன்று தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தை ஜேர்மானிய ஆய்வாளர் 1992 இல் விளக்கினர். அதன் கொழுப்பமிலங்களுட் பல வளைந்த வடிவின. பீனோல் தாக்கியதும் ஒரு நொதியம் அவற்றை நேராக்குகின்றது. நேரானவை நெருங்கி அடுங்குவதால், தளர்ந்த மென்சவ்வு மீண்டும் இறுகுகின்றது. புதிய கொழுப்பை ஆக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை; சில நிமிடங்களிலேயே இம்மாற்றம் தொடங்கிவிடும்.

ஆகவே, கிருமிநாசினியை உரிய அளவிற் குறைத்துக் கலப்போர், கிருமியைக் கொல்லாது அதற்கு எச்சரிக்கை விடுப்போராவர். வேறோர் உண்மையும் இதிலுண்டு. ஒன்றன் இயல்பை அறிய அதனை மட்டும் ஆராய்தல் போதாது. அது நிற்கும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். பிள்ளைகளோடு நெடுங்காலம் பழகிய ஆசிரியனாகிய எனக்கு இது புதுமையன்று.