சிறுநீரகத்தைக் காப்பாற்றும் சின்ன கிளினிக்குகள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில், குடியேற்ற ஆவணம் இல்லாத ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் கிடைக்காது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால்தான் கிடைக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, இனி தாங்காது என்னும்போது அவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவைத் தொட்டிருந்தால் இயந்திரத்தில் இணைக்கிறார்கள். தொடவில்லை என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திரும்ப நேரக்கூடாது என்பதற்காகவே, பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழத்தையும் ஆரஞ்சு ஜூஸையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. இதயம் நின்றுபோகலாம் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

டென்வர், ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் நோயாளிகளை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முறையாக டயாலிசிஸ் பெற்றவர்களைவிட, அவசரத்துக்கு மட்டும் பெற்றவர்கள் ஐந்தாண்டுகளில் இறக்கும் அபாயம் 14 மடங்கு அதிகம் என்றது அது. அடுத்த ஆண்டே கொலராடோ மாநிலம் தன் விதியை மாற்றி, இவர்களுக்கும் முறையான டயாலிசிஸ் வழங்கத் தொடங்கியது.

ஆனால் சிறுநீரகம் ஒரே இரவில் கெட்டுவிடுவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் அதை அரிக்கின்றன. அந்த ஆண்டுகளில் மலிவான மாத்திரைகளும், சில மாதங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற சோதனையும் கிடைத்தால் பலருக்கு டயாலிசிஸ் வரை போகவே வேண்டியிருக்காது. அந்த வேலையைச் செய்பவைதான் சமூக நல கிளினிக்குகள்.

வரவேற்பு மேஜையில் முதலில் கேட்பது காப்பீட்டு அட்டையை அல்ல, சம்பளச் சீட்டை. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்குள் இருந்தால் பெயருக்கு ஒரு கட்டணம், அல்லது அதுவும் இல்லை. கோட்டின் இரு மடங்கு வரை தள்ளுபடி. காசில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. உள்ளே நர்ஸ் சர்க்கரை நோயாளியிடம் ஷூவைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கூரை வேலையிலும் வயல் வேலையிலும் நிற்கிறவருக்குப் பாதம் மரத்துப்போனது அப்போதுதான் தெரியவரும்.

நாடு முழுக்கச் சுமார் 1,400 அமைப்புகள் இப்படிப்பட்ட கிளினிக்குகளை நடத்துகின்றன. ஆண்டுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கே சிகிச்சை பெறுபவர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

தொடக்கம் 1965இல், பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில். இரண்டு ஆண்டுகள் கழித்து மிசிசிப்பியின் மவுண்ட் பேயூவில் இன்னொன்று வந்தது. சத்துக்குறைவால் வாடிய குழந்தைகளுக்கு அங்கிருந்த மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் பில்லை கிளினிக்கின் மருந்துக் கணக்குக்கு அனுப்பினார். மேலிடம் ஆட்சேபித்தபோது, பசியால் வந்த நோய்க்கு உணவே மருந்து என்று மருத்துவர் தரப்பு பதில் சொன்னது. கிணறு தோண்டியதும், கூட்டுறவுப் பண்ணை அமைத்ததும் அதே கிளினிக்கின் வேலையாக இருந்தன.

இந்த கிளினிக்குகளுக்கு வெளியே இருக்கும் வழிகள் குறைவு. அவசரம் என்று வருபவரைப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் கவனித்தே ஆக வேண்டும் என்றது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஆவணமற்றவர்களுக்கு அரசின் மற்ற உதவிகளைப் பெரும்பாலும் மூடியது 1996ஆம் ஆண்டுச் சட்டம். கிரீன் கார்டு பெற்ற பெரியவர்களில் பலரும் ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்குப் பலருக்கு மிஞ்சியிருப்பது இந்த கிளினிக்தான்.

அங்கேயும் இப்போது நாற்காலிகள் காலியாவதுதான் பெரிய கவலை. காரணம் கட்டணம் அல்ல, பயம். அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டு கிடைக்காமல் போகலாம் என்ற அச்சத்தை 2019இல் வந்த ஒரு விதி விதைத்தது. 2021இல் விதி போனது, அச்சம் போகவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு உரிய உதவிகளைக்கூட வேண்டாம் என்று ஒதுங்கிய பெற்றோர் உண்டு. ஆஸ்பத்திரி, பள்ளி போன்ற இடங்களில் குடியேற்றச் சோதனையைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், இந்த கிளினிக்குகளும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைக்குள் வரும் என்ற அறிவிப்பு வந்தது. பல மாநிலங்களில் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தாலும், தீர்ப்பைவிட வதந்தி வேகமாக ஓடுகிறது.

சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு வரிப்பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவசர டயாலிசிஸுக்கும் கடைசியில் பொதுப்பணம்தான் செலவாகிறது, அதுவும் கூடுதலாக.

வராமல் விடுகிற சர்க்கரை நோயாளிக்கு அடுத்த வாரம் ஒன்றும் ஆகாது. பாதிப்பு ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து வரும். அப்போது இன்றைய பயத்தை யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள். அதனால்தான் கிளினிக் ஊழியர்கள் மருந்து வாங்க வராதவர்களின் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறார்கள். வர அஞ்சுபவர்களை வீடியோவில் பார்க்கிறார்கள். குடியேற்ற அதிகாரிகள் வந்தால் கேட்க வேண்டிய, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் எப்படி இருக்கும் என்று வரவேற்பு மேஜையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். இவற்றோடு, நோயாளி கொடுத்த முகவரி சிகிச்சையைத் தவிர வேறு எதற்கும் போகாது என்ற உறுதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அது இல்லாதவரை எத்தனை முறை போன் செய்தாலும் பலர் எடுக்கமாட்டார்கள்.