டயருக்கும் வயது உண்டு

கல்லூரிக்குப் போய்வர அப்பா தம் பழைய மைவி காரை எனக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாலை, சுபாங் ஜெயா எஸ்எஸ்15-இல் கனமழை. சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சற்றுப் பின்னால்தான் நின்றது. அதில் தாயோடு ஒரு குழந்தையும் இருந்தது.

மறுநாள் அப்பாவோடு டயர் கடைக்குப் போனேன். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல்பரப்பு அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். என் முன்டயர்கள் இரண்டும் அந்த நிலையில் இருந்தன.

"பழைய டயர் போட்டுக்கலாம் தம்பி, பாதி விலைதான்" என்றார் கடைக்காரர். எனக்கு மகிழ்ச்சி. அப்பாவோ குனிந்து, அதன் பக்கவாட்டில் இருந்த 2217 என்ற எண்ணைக் காட்டினார். 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பிறந்த டயர்! பள்ளம் ஆழமாக இருந்தாலும், வயதாக ஆக ரப்பர் இறுகி, ஈரச்சாலையில் பிடிப்பு குறையும்.

அளவையும் படிக்கக் கற்றேன். 175/65 ஆர்14 82டி என்றால், அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. ரிம் 14 அங்குலம். 82 என்பது 475 கிலோ சுமையையும், டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். உங்கள் காருக்குரிய அளவு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும்.

பிறகு கணக்கு. 160 ரிங்கிட் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், 200 ரிங்கிட் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவதன் செலவு 5 ரிங்கிட் 33 சென். இரண்டாவதன் செலவு 4 ரிங்கிட்தான். எது மலிவு?

இரண்டு புதிய டயர்கள் வாங்கினோம். அவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றச் சொன்னார் அப்பா. ஈரத்தில் பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் கார் சுழன்றுவிடும். அதை அடக்குவது கடினம்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காரின் அந்த நான்கு எண்களைப் பாருங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.