கீழ்நோக்கும் ஆங்கிலச் சொற்றொடர்கள்

பல ஆண்டுகளுக்கு முன்னர் எம் அயலிலே வாழ்ந்த மூதாட்டியொருவர், இலண்டனிலிருந்து வந்த கடிதமொன்றைக் கொணர்ந்து, அதனை வாசித்துப் பொருள் கூறுமாறு என்னை வேண்டினார். ஆங்கிலப் பெண்மணியாகிய அவருடைய மருமகள் எழுதிய கடிதம் அது. பேரப்பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது: “ஹி ஹாஸ் கம் டவுன் வித் எ ஃபீவர்.” ‘கம் டவுன்’ என்பதையும் ‘ஃபீவர்’ என்பதையும் கண்ட அளவிலே, “பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததாம், இப்போது இறங்கிவிட்டதாம்” என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். அவரும் மனம் குளிர்ந்து, கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்வித்தார். இரண்டு கிழமை கழித்து வந்த அடுத்த கடிதம், பிள்ளை வைத்தியசாலையிற் கிடந்து மீண்ட செய்தியைக் கூறிற்று. “தம்பி, காய்ச்சல் இறங்கிவிட்டதெண்டல்லோ சொன்னீர்?” என்று அம்மூதாட்டி கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

காய்ச்சல் ‘கம் டவுன்’ ஆயிற்று என்றால் அது தணிந்தது என்று பொருள். மனிதன் காய்ச்சலுடன் ‘கம் டவுன்’ ஆயினான் என்றால் அவனை நோய் பற்றிக்கொண்டது என்று பொருள். சொற்கள் ஏறக்குறைய அவையே. எழுவாய் மாறியதும் பொருள் தலைகீழாகின்றது. இறங்குவது எது என்பதை முதலிற் கண்டுகொள்ளாமல் இத்தகைய தொடர்களுக்குப் பொருள் கூறப் புகுதல் ஆகாது. ஆங்கிலேயன் நோயுறுதலைப் பல வேளைகளில் ஒரு வீழ்ச்சியாகவே எண்ணுகின்றான். ‘ஃபோல் இல்’, ‘ஃபோல் சிக்’, ‘கோ டவுன் வித் மலேரியா’ என்பன யாவும் அவ்வகையின. நம் முன்னோரும் இதற்கு வேறுபட்டவரல்லர். ‘நோய்வாய்ப்பட்டான்’ என்னுமிடத்து வரும் ‘படு’ என்னும் வினைக்கு விழுதல், சாய்தல் என்னும் பொருள்கள் உள; ஞாயிறு படுதல் என்று நாம் கூறுவதும் அதனாலேயே.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1912 ஆம் ஆண்டு ஏப்பிரில் 15 ஆந் திகதி ‘டைற்றானிக்’ கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் மூழ்கியபொழுது அதன் தலைவர் எட்வர்ட் ஸ்மித்தும் உடன் மாண்டார். இதனை ஆங்கிலத்திலே, கப்பற்றலைவர் ‘வென்ற் டவுன் வித் த ஷிப்’ என்பர். ஈண்டு ‘வித்’ என்பது உடனிகழ்ச்சி. மலேரியாவோடு வரும் ‘வித்’ அன்று. இலக்கண அமைப்பு ஒன்றாயிருப்பினும் ஒன்றில் உண்மையாகவே ஓர் உடல் நீருள் அமிழ்கின்றது. மற்றையதில் அசைவு எதுவும் இல்லை.

‘டவுன்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்திலே ‘டூன்’ என்பது குன்றைக் குறித்தது. ‘ஒவ் டூனெ’, அஃதாவது ‘குன்றிலிருந்து’, என்னும் தொடரே தேய்ந்து ‘டவுன்’ ஆகி, கீழ் என்னும் பொருளைப் பெற்றது. இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சுண்ணக் குன்றுகள் இன்றும் ‘சவுத் டவுன்ஸ்’ என்றே வழங்குகின்றன. கீழ் என்று பொருள்படும் சொல் மேட்டின் பெயராயிருப்பது ஏன் என்று மயங்கும் மாணவனுக்கு இதுவே விடை. அங்ஙனமாயின் ‘டவுன்ஹில்’ என்னும் சொல்லிலே குன்று இருமுறை வந்துவிடுகின்றது!

இந்த ‘டவுன்ஹில்’ என்பதும் எச்சரிக்கையோடு கையாளவேண்டிய சொல்லாகும். ஒருவருடைய உடல்நிலையோ வாணிகமோ ‘கோயிங் டவுன்ஹில்’ எனின், அது நாளுக்குநாள் சீர்கெடுகின்றது என்பதே கருத்து. ஆனால், கடினமான வேலையின் பெரும்பகுதியை முடித்தபின் ‘இற்ஸ் ஓல் டவுன்ஹில் ஃப்ரொம் ஹியர்’ என்று ஒருவர் கூறின், இனி எஞ்சியது எளிது என்பது கருத்து. மலையேறிக் களைத்தவனுக்கு இறக்கம் சுகமானது; உச்சியில் வாழ்ந்தவனுக்கு அதே இறக்கம் கேடு. ஆங்கிலேயரே இரண்டாவது தொடரைச் சில வேளைகளில் ‘இனிக் கேடுதான்’ என்னும் பொருளிலும் வழங்குவதால், இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

இனி, வினைகளைப் பார்ப்போம். ‘ஃபோல், ஃபெல், ஃபோலன்’ என்பது விழுதலைக் குறிக்கும் தன்வினை. ‘ஃபெல், ஃபெல்ட், ஃபெல்ட்’ என்பது வீழ்த்துதலைக் குறிக்கும் பிறவினை; பெரும்பாலும் மரத்தை வெட்டி வீழ்த்துதற்கு வருவது. ‘லை’ என்றாற் கிடத்தல். ‘லே’ என்றாற் கிடத்துதல். ‘சிற்’ என்றால் இருத்தல். ‘செற்’ என்றால் இருத்துதல். தமிழிலே வீழ்–வீழ்த்து, தாழ்–தாழ்த்து, இறங்கு–இறக்கு என இம்முறை இன்றும் உயிரோடு இயங்குகின்றது. ஆங்கிலத்திலோ ஒரு காலத்திருந்த அவ்வழக்கின் எச்சங்களாகச் சில இணைகளே எஞ்சியுள்ளன. எனவே தமிழ் மாணவன் இவற்றை நெட்டுருப் பண்ணவேண்டியதில்லை. தன் மொழியின் தன்வினை பிறவினைகளை நினைத்துக்கொண்டாற் போதும். இடர்ப்பாடு ஒன்றே: ‘லை’ என்பதன் இறந்தகாலம் ‘லே’ ஆகிவிடுகின்றது. ஆங்கிலேயரும் இதிலே தவறுவதுண்டு என்பது நமக்கு ஓர் ஆறுதல். ‘ட்ரொப்’ என்பது இரு வகைக்கும் பொது. தட்டும் ‘ட்ரொப்’ ஆகலாம், தட்டை நாமும் ‘ட்ரொப்’ செய்யலாம்.

விலையும் எண்ணிக்கையும் குறைதலைக் கூறுமிடத்து ஆங்கிலம் வேகத்தை அளந்து சொல்லைத் தெரிகின்றது. சிறிது தாழ்ந்து மீளுமாயின் ‘டிப்’; மெல்ல வழுவின் ‘ஸ்லிப்’; தொடர்ந்து சரியின் ‘ஸ்லைட்’; படிப்படியாகக் குன்றின் ‘டிக்ளைன்’; திடீரெனப் பெருமளவில் விழின் ‘ப்ளன்ஜ்’, ‘ப்ளமெற்’. இவ்விறுதி இரு சொற்களும் ஈயத்தைக் குறிக்கும் ‘ப்ளம்பும்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஈயக்குண்டு நீரில் விழும் காட்சி அவற்றினுள்ளே மறைந்திருக்கின்றது. ஆதலின் அரிசி விலை ஐந்து சதம் குறைந்ததற்கு ‘ப்ளமெற்’ என்றெழுதுவது நகைப்புக்கிடமாகும்.

இங்கே ‘பை’, ‘ரு’ என்னும் இரு சிறு சொற்கள் பெருந்தீங்கு விளைக்க வல்லன. அமெரிக்கப் பங்குச்சந்தையின் ‘டோ ஜோன்ஸ்’ சுட்டெண் 1929 செப்ரெம்பர் 3 ஆந் திகதி 381 ஆக நின்றது. 1932 யூலை 8 ஆந் திகதி 41 ஆயிற்று. அது ‘ஃபெல் ரு 41’ எனின், நாற்பத்தொன்று என்னும் நிலைக்கு வந்தது என்பதாம், அதுவே நடந்தது. ‘ஃபெல் பை 41’ என்றெழுதின், நாற்பத்தொன்றளவு மட்டும் குறைந்து 340 இல் நின்றது என்றாகிவிடும். கணக்கறிக்கை எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

உருவகமாய் வரும் தொடர்களுக்கு எல்லையில்லை. சிலவற்றை மாத்திரம் கூறுகின்றேன். திட்டம் நிறைவேறாது போதல் ‘ஃபோல் த்ரூ’. நண்பர் பிணங்குதல் ‘ஃபோல் அவுட்’. வேண்டுகோளை மறுத்தல் ‘ரேண் டவுன்’. நம்பினோரைக் கைவிடுதல் ‘லெற் டவுன்’. பதவி துறத்தல் ‘ஸ்ரெப் டவுன்’. வாதத்திற் பிடிவாதம் தளர்தல் ‘க்ளைம்ப் டவுன்’; ‘அவர் சற்றுக் கீழிறங்கி வந்தார்’ என்று நாம் சொல்வதும் இதுவே. ‘ஃபோல் இன் லவ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘காதலில் விழுந்தான்’ என்றெழுதுவோர் இந்நாளிற் பலர். காதல் கொள்ளுதல், காதலுறுதல் என்பன நமக்கிருக்க, அந்தக் குழி நமக்கெதற்கு?

கீழ்நோக்குதல் யாவும் இழிவென்று கொள்ளற்க. ‘கெற் டவுன் ரு வேர்க்’ என்பது முயற்சியில் முனைதல். நாமும் ‘காரியத்தில் இறங்கினான்’ என்கின்றோம். ‘ஹான்ட் டவுன்’ என்பது முன்னோர் செல்வத்தைப் பின்னோர்க்குக் கையளித்தல். அவதாரம் என்னும் வடசொல்லின் நேர்ப்பொருளும் இறங்குதலே. சைவசித்தாந்தத்திலே ‘சத்திநிபாதம்’ என்பர். ‘நிபாதம்’ என்பது வீழ்தல். பக்குவமுற்ற ஆன்மாவின்மேல் திருவருள் பதிதலையே அது குறிக்கும். இதனை ஆங்கிலத்தில் எழுதுவோன் ‘ஃபோல்’ என்று பெயர்த்தானாயின், விவிலியத்திலுள்ள ஆதாமின் வீழ்ச்சியோடு பழகிய வாசகன் சத்தியே நெறி பிறழ்ந்தாள் என்று எண்ணக்கூடும். அருளின் ‘டிஸென்ட்’ என்று பெயர்த்தலே வழக்கு. அதுவே பொருத்தமும் ஆகும்.

இறுதியாக, நம் நாட்டு ஆங்கிலம் பற்றி ஒரு சொல். பஸ்ஸிலிருந்து நாம் ‘கெற் டவுன்’ செய்கின்றோம். ஆங்கிலேயனோ ‘கெற் ஓஃப்’ செய்கின்றான். இங்கிலாந்திலிருந்து ஒரு புத்தகத்தை ‘கொற் டவுன்’ செய்தேன் என்று நாம் கூறுவது, வருவித்தேன் என்னும் பொருளிலாம். இறக்குமதி என்னும் சொல்லை வழங்குகின்ற நமக்கு இது இயல்பாய்த் தோன்றுகின்றது. இலண்டனிலே இதனைக் கேட்பவன், அலுமாரியின் மேற்றட்டிலிருந்து எடுத்ததாகவே விளங்கிக்கொள்வான். இவ்வழக்கைப் பிழையென்று ஒதுக்க என் மனம் இசையவில்லை; நம்முள்ளே பேசும்பொழுது அது இருந்துவிட்டுப் போகட்டும். கடல் கடந்து செல்லும் கடிதங்களில் மாத்திரம் ‘ஓடர்’ என்றோ ‘ஸென்ட் ஃபோர்’ என்றோ எழுதுவது நலம்.