பொறிக்குக் காற்று நண்பனா, பகைவனா?

காற்றடிக்கும் இடத்தில் தீக்குச்சி கிழித்தால் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொள்கிறோம். விறகு பற்றிக்கொண்டபின் நாமே ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் காற்றுக்கு இவ்விரண்டு முகங்கள் உண்டு.

சிலிண்டருக்குள் ஏறக்குறைய 15 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற அளவில் கலவை நுழைகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் இரு மின்முனைகளுக்கிடையே, சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில், பொறி தாவுகிறது. அசையாமல் நிற்கும் நல்ல கலவையைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லி ஜூல் ஆற்றலே போதும். கார் எஞ்சினில் கொடுப்பதோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! ஏன் இந்த ஊதாரித்தனம்?

பொறி முதலில் உண்டாக்குவது கடுகளவு தீக்கரு. அது எரிந்து பெறும் வெப்பம், இழக்கும் வெப்பத்தைவிட மிகுதியாக இருந்தால்தான் பிழைக்கும். உருண்டை சிறிதாகச் சிறிதாக, அதன் கன அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடும் என்பது நீங்கள் கணக்கில் படித்ததுதான். ஆகவே சின்னக் கரு சீக்கிரம் குளிர்ந்துவிடும். போதாக்குறைக்கு, பக்கத்திலுள்ள உலோக முனைகளும் வெப்பத்தை உறிஞ்சுகின்றன.

மிதமான காற்றோட்டம் இங்கே உதவி செய்கிறது. பொறியை வில்போல் வளைத்து நீட்டி, கருவை உலோகத்திடமிருந்து விலக்கிவிடுகிறது. வேகம் மிஞ்சினாலோ, நீண்ட பொறி அறுந்து மறுபடி முனைகளுக்கிடையே தாவும். ஆற்றல் ஓரிடத்தில் சேராது. கரு சிதறி அணையும். பெட்ரோல் குறைந்த கலவையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த நூறு மடங்கு, பெரும்பாலும் இத்தகைய இக்கட்டுக்கான கையிருப்பே.

அப்படியானால் காற்றை அடக்கிவிடலாமே? கூடாது. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க ஆகும் நேரம் நூற்றில் ஒரு விநாடி. கலவை அதற்குள் எரிந்து முடியவேண்டும். 1912-இல் டூகால்ட் கிளார்க் என்ற பொறியியலார் வாயு எஞ்சின் ஒன்றில் இதைச் சோதித்தார். கலவையைப் பற்றவைக்காமல் உள்ளேயே அடைத்துச் சில தடவை அழுத்தித் தளர்த்தினார். சுழிப்பு ஓய்ந்தபின் பொறி கொடுத்தார். எரிதல் மிகவும் மெதுவாக நடந்தது.

ஊதுகுழல் உவமை இங்கே முழுதும் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். அடுப்பில் ஊதும் காற்று ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. எஞ்சினில் ஆக்சிஜன் முன்னரே கலந்திருக்கிறது. சுழிப்பு செய்வது வேறு வேலை: சுடரின் முகப்பைக் கசக்கிய துணிபோல் சுருக்கிவிடுகிறது. பரப்பு பெருகுவதால் ஒரே நேரத்தில் அதிகக் கலவை எரிகிறது.

எனவே, காற்று சுழன்று நுழையும்படி வழியை வளைத்து அமைக்கிறார்கள் எஞ்சின் வடிவமைப்பாளர்கள். பிளக்கின் வளைந்த முனை காற்றுக்கு எதிரே நின்றால் இடைவெளியை மறைத்துவிடும். அதனால் சில எஞ்சின்களில், அம்முனை எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதற்கு ஏற்பவே பிளக்கின் மரையை வெட்டுகிறார்கள்.