மண்ணுக்குள் உறங்கும் சத்துரு

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவன் பெருமழைக்கு அஞ்சுவான், உறைபனிக்கும் அஞ்சுவான். இவை கண்ணுக்குத் தெரிகிற பகைகள். தெரியாத பகையொன்று அவன் காலடி மண்ணிலேயே படுத்துறங்குகிறது. அதற்கு நூற்புழு என்று பெயர்.

இதை மண்புழுவென்று நாம் மயங்கலாகாது. மண்புழு உழவனுக்குத் தோழன். வேருக்குள் நுழையும் பருவத்தில் இதுவோ அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. ஊசி போன்ற உறுப்பினால் வேரைத் துளைத்து உட்புகுந்து சாரத்தை உறிஞ்சுகிறது. செடி வளர்ச்சி குன்றி, மஞ்சளித்து, பகலில் வாடி நிற்கும். தோண்டினால் கோலிக்குண்டு போன்ற கிழங்குகள்! மண்ணில் சத்தில்லையென்று எண்ணிக் குடியானவன் மேலும் உரத்தைக் கொட்டுகிறான்.

பெண் புழுவின் வரலாறு விந்தையானது. வேரில் ஒட்டியபடியே அதன் உடல் கடுகினும் சிறிய உருண்டையாகப் பருத்துப் பொன்னிறமடைகிறது. அது இறந்த பின்னர் தோல் தடித்துக் கூடாகி, உள்ளிருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் நீர் படும்வரை அவற்றிற் பெரும்பாலானவை விழிப்பதில்லை. கும்பகர்ணன் ஆறு மாதந்தான் உறங்கினான். இவை இருபது ஆண்டுகள் வரையிலும் உயிரோடு உறங்க வல்லவை!

உருளைக்கிழங்கைப் போலவே இப்புழுவும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. நம் நாட்டில் இதை முதன்முதலாக 1961-ல் நீலகிரியில் கண்டறிந்தவர் ஜோன்ஸ் என்ற ஆங்கில நிபுணர். தானாக நகர்ந்து நெடுந்தூரம் செல்ல இதனால் ஆகாது. மனிதனே இதற்கு வாகனம். விதைக் கிழங்கு, மண்வெட்டி, சாக்கு ஆகியவற்றில் ஒட்டிய மண்ணோடு கூடும் பிரயாணம் செய்கிறது. ஹிமாசலப் பிரதேசம் முதலிய வட மலைப் பிரதேசங்களிலும் இப்புழு காணப்பட்டதால், 2018-ல் அங்கிருந்து விதைக் கிழங்கு வெளியேறுவதை மத்திய சர்க்கார் தடுக்க நேர்ந்தது.

பரிகாரம் இல்லாமலில்லை. இப்புழுவை எதிர்த்து நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் உண்டு. முட்டைக்கோஸ், காரட், பூண்டு முதலியவற்றைச் சில ஆண்டுகள் மாற்றிப் பயிரிட்டால், இரையின்றிப் புழுவின் தொகை குறையும். ஆனால் கிழங்கு நல்ல விலைக்குப் போகும் வருஷத்தில் வேறு பயிர் செய்யச் சிறு நிலக்காரன் மனம் எளிதில் இசையுமா? கடன்காரன் காத்திருக்க மாட்டானே!

மேலும், மேல் வயலின் மண் மழையில் கீழ் வயலுக்கு இறங்குகிறது. ஒருவன் மட்டும் பொறுத்திருந்தால் போதாது. இருபது ஆண்டு காத்திருக்கும் பகையை வெல்ல, ஊரார் ஒன்றுகூடிச் சில ஆண்டுகளேனும் காத்திருக்கக் கற்கவேண்டும். அதுவரை அந்தச் சிறு நிலக்காரனைத் தாங்குவது நம் எல்லோருடைய கடமையுமாகும்.