இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

மலையிறங்கும்போது நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டிவிடும் பழக்கம் நம் ஓட்டுநர்கள் பலரிடம் இன்னும் இருக்கிறது. எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய வண்டிகளில் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். எரிபொருள் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் செலவாகும்.

பெரிய ஆபத்து பிரேக்கில்தான். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 5 டன் எடையுள்ள வேன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய இரண்டரை லிட்டர் டீசலை எரித்த வெப்பத்துக்குச் சமம். சின்ன கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கும். நியூட்ரலில் பெரும்பாலும் பிரேக் லைனிங் தலையில்தான் விழும். முதலில் கருகல் வாடை வரும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது பதறிப்போய் கியரைத் தேடினால், அந்த வேகத்தில் கியர் விழாது.

சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். இது இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். லாரி, பஸ்களில் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் அதுதான் சரி. கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, ஆறவிட்டுக் கிளம்புங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மைலேஜ் கணக்குக் கேட்டு ஓட்டுநரை நெருக்கும் உரிமையாளர்களுக்கும் இந்தப் பழக்கத்தில் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் ஓட்டுநரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

பிறருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி முதல் முறையே சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்துவிட்டால், காயமடைந்தவரோ இறந்தவரின் குடும்பமோ 166-வது பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சட்டத்தில் 6 மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துக்கு, 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

வேனில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் பேச உரிமை உண்டு. இறக்கத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்து வண்டி மட்டும் வேகமெடுத்தால், "அண்ணே, கியர்ல போட்டு இறக்குங்க" என்று உடனே சொல்லுங்கள். கேட்காவிட்டால் நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். 112-ஐ அழைத்து வண்டி எண்ணைக் கொடுங்கள்.